அணுச் சாம்பலை அளந்த ஆசிரியர்

திருத்தணி முருகனின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளை ஏறி இறங்கிப் பழகிய நம் வட்டத்து அன்பர்களுக்கு உதயப்பூர் வெகு தொலைவு. அந்த ஏரி நகரில் பிறந்து, தில்லியில் உழைத்து, ஜெய்ப்பூரில் மறைந்த ஓர் இயற்பியல் அறிஞரைப் பற்றி நம் பத்தாம் ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று எவரேனும் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆகவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1948-இல் பல்கலைக்கழகக் கல்வியை ஆராய நடுவணரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் நம் திருத்தணி மண் ஈன்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். உறுப்பினர்களுள் ஒருவர் வங்கத்து வானியற்பியல் மேதை மேகநாத் சாகா; இன்னொருவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. இலட்சுமணசாமி முதலியார். அக்குழுவின் பரிந்துரைகளிலிருந்து எழுந்ததே பல்கலைக்கழக மானியக் குழு. 1961 முதல் 1973 வரை அதன் தலைமையிடத்தில் அமர்ந்தவர் அந்தச் சாகாவின் மாணவர் தௌலத் சிங் கோத்தாரி. நம் ஊர்ப் பெரியவர் விதைத்த மரத்திற்குப் பன்னிரண்டு ஆண்டு நீர் வார்த்தவர் நமக்கு அயலார் ஆகார்.

கோத்தாரி கமிஷன் என்ற சொல்லை அறியாத ஆசிரியர் தமிழ்நாட்டில் இல்லை. ஆசிரியப் பயிற்சித் தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தவர்கள் நம் வட்டத்திலேயே பலர் உண்டு. ஆயின் அந்தப் பெயருக்குரிய மனிதர் அணுகுண்டின் விளைவுகளைக் கணக்கிட்டு உலகின் முன் வைத்தவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஆகஸ்டுத் திங்கள் ஆறாம் நாள் வந்தால் ஹிரோஷிமாவைப் பாடாத கவியரங்கம் அரிது. பாடுகின்ற நாம், அந்தத் தீயை முழம் போட்டு அளந்தவரையும் ஒருமுறை அறிந்துகொள்வது தகும்.

கோத்தாரி 1906 ஜூலை 6 அன்று உதயப்பூரில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். பன்னிரண்டு வயதளவில் தந்தையை இழந்த சிறுவன், தந்தையின் நண்பர் ஒருவரின் ஆதரவில் இந்தூரில் பள்ளிப்படிப்பை முடித்தான். மேவார் அரசரின் உதவித்தொகை அவனை அலகாபாத் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. அங்கே ஆசானாக வாய்த்தவர் சாகா.

சாகாவின் புகழ் அப்போது உச்சத்தில் இருந்தது. விண்மீன்களின் வெப்பம் அணுவிலிருந்து எலெக்ட்ரான்களைக் கழற்றுகிறது என்பதையும், எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் அவ்வாறு கழலும் என்பதையும் 1920-இல் அவர் சமன்பாடாகத் தந்திருந்தார். மாணவர் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்: வெப்பமே இல்லாமல், அழுத்தம் மட்டும் அணுவை உடைக்குமா? மிகுந்த அழுத்தத்தில் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்க, குளிர்ந்த பொருளிலும் எலெக்ட்ரான்கள் விடுபடும் என்று அவர் நிறுவினார். அழுத்த அயனியாக்கம் எனப்படும் இக்கொள்கையே அவருக்கு அறிவியலில் நிலைத்த இடம் தந்தது. இதிலிருந்து ஒரு வியப்பான முடிவும் பிறந்தது. குளிர்ந்த கோள் ஒன்று எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால் கோள் பெருத்துக்கொண்டே போகாது. ஓரளவிற்குப் பின் தன் பாரத்தாலேயே சுருங்கத் தொடங்கும். அந்தப் பேரளவு ஏறத்தாழ வியாழனின் அளவு. நம் சூரியக் குடும்பத்துப் பெருங்கோள் அந்த வரம்பிலேயே நிற்கிறது.

இதற்கு முன்பே, 1930-இல், அவர் கேம்பிரிட்ஜ் சென்றிருந்தார். அதே ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தார். இருவருக்கும் வழிகாட்டி ஒருவரே, ரால்ஃப் ஃபௌலர். இருவர் கண்ணும் ஒரே பொருளின்மீது, இறந்துகொண்டிருக்கும் வெண்குறுமீன்களின்மீது. ஒருவர் அந்த வழியிலேயே நடந்து 1983-இல் நோபல் பரிசு பெற்றார். மற்றவர் 1933-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைப் பொறுப்பேற்றார். ரூதர்ஃபோர்டு அவரைக் கேம்பிரிட்ஜிலேயே பேராசிரியராக வைத்துக்கொள்ள விரும்பியதாகவும், தில்லித் துணைவேந்தர் மாரிஸ் குவயருக்கு அவ்வாறு எழுதியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. குவயர் துணைவேந்தரானது 1938-இல். ரூதர்ஃபோர்டு மறைந்தது 1937-இல். கணக்கு ஒத்துவரவில்லை. பெரியோரைப் பற்றிய கதைகளில் அன்பு மிகுதி, ஆண்டு குறைவு.

தமிழர் நெஞ்சுக்கு நெருக்கமான இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்ல வேண்டும். நான்கு என்ற எண்ணை ஐந்து வகையாகப் பிரித்து எழுதலாம்: நான்காகவே விடலாம், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். எண் பெரிதாகப் பெரிதாக இவ்வகைகள் மலைபோல் பெருகும். அவற்றைக் கணிக்கும் வாய்பாட்டை 1918-இல் ஹார்டியோடு சேர்ந்து தந்தவர் நம் இராமானுஜன். பல துகள்களிடையே ஆற்றல் பங்கிடப்படும் முறையும் இந்த எண் பிரிவினையும் ஒன்றே என்பதை 1946-இல் கோத்தாரியும் அவுலக்கும் விளக்கினர். கும்பகோணத்துத் திண்ணையில் தொடங்கிய ஒரு சிந்தனை தில்லியின் இயற்பியல் கூடத்தில் இன்னொரு பிறவி எடுத்தது.

இனி அவர் வாழ்வின் முரணுக்கு வருவோம். 1948-இல் கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகரானார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. காந்தியடிகள் சுடப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. காசுமீரத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. எறும்புக்கும் தீங்கு நினையாத சமண மரபில் வந்த ஒருவர், காந்தியத்தில் ஊறிய ஒருவர், படைக்கலன்களுக்குரிய அமைச்சகத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகள் அமர்ந்தார். கொச்சியின் கடற்படை ஆய்வுக்கூடம், மைசூரின் படைவீரர் உணவு ஆய்வுக்கூடம் எனப் பல நிலையங்கள் அவர் காலத்தில் முளைத்தன. 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவானபோது அதற்கு அடித்தளமாக இருந்தது அவர் பத்தாண்டுகள் வளர்த்த அமைப்பே. பிற்காலத்தில் அந்நிறுவனம் ஏவுகணைகளுக்குப் பெயர் பெற்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? மேலை நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கை உண்டு. போலந்து நாட்டு இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் இருந்தவர், ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெளிந்ததும் 1944 இறுதியில் அதைவிட்டு வெளியேறினார். வெளியேறுவது ஓர் அறம். கோத்தாரி வெளியேறவில்லை, உள்ளேயே இருந்துகொண்டு, போர்க்கருவியின் முழு விலையையும் தன் அரசைக்கொண்டே அச்சிட வைத்தார். இது ரோட்பிளாட்டின் செயலுக்குக் குறைந்ததென்று நான் கருதவில்லை, எளிதென்றும் கருதவில்லை.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு வெப்ப அணுக்கரு குண்டை வெடித்தது. ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் அதற்கு. கணித்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் அது பெரிதாக வெடித்தது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் சில மணி நேரங்கழித்து வெண்ணிறச் சாம்பல் பொழியத் தொடங்கியது. அது பொடியாகிய பவளப்பாறை. படகில் இருந்த இருபத்து மூவரும் கதிர்வீச்சால் நோயுற்றனர். வானொலி இயக்குநர் செப்டம்பரில் மாண்டார். ஜப்பானியர் அதை மரணச் சாம்பல் என்றனர். குண்டு விழுந்த இடத்தில் மட்டுந்தான் சாவு என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, நேரு மக்களவையில் எழுந்து, ஆயுதக் குறைப்பு உடன்பாடு ஏற்படும்வரை வெடிப்புச் சோதனைகளையேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்றார். சோதனைத் தடை என்ற கருத்தை ஒரு நாட்டின் தலைவர் உலகின் முன் வைத்த முதல் நிகழ்ச்சி அது. ஆயின் வல்லரசுகளிடம் ஆய்வுக்கூடங்கள் இருந்தன, புள்ளிவிவரங்கள் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி இரகசியமாகவும் இருந்தது. குண்டில்லாத நாடொன்று அறத்தைப் பேசலாம். அறிவியலைப் பேச இயலுமா? அந்தப் பணி கோத்தாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹோமி பாபாவும், மும்பையின் புற்றுநோய் ஆய்வறிஞர் கனோல்கரும் துணை நின்றனர். 1956-இல் அணு வெடிப்புகளும் அவற்றின் விளைவுகளும் எனப் பொருள்படும் ஆங்கில நூல் நடுவணரசின் வெளியீட்டுப் பிரிவால் அச்சாயிற்று. முன்னுரை நேரு எழுதியது. இரண்டே ஆண்டில் விரிவாக்கிய மறுபதிப்பு வந்தது. பிற நாட்டு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

அந்நூலின் சிறப்பு அதன் குரலில் இருக்கிறது. குரலை உயர்த்தாத நூல் அது. எங்கும் திறந்து கிடந்த ஆய்வுக் கட்டுரைகளையும் இயற்பியல் விதிகளையும் கொண்டே, வெடிப்பலை எத்தனை தொலைவு போகும், வெப்பம் எத்தனை தொலைவில் தோலைக் கருக்கும், கதிரியக்கப் பொடி காற்றில் எவ்வாறு பரவும் என்று வரிசையாகக் கணக்கிட்டது. இரகசியம் எதையும் திருட வேண்டியிருக்கவில்லை. இயற்கையின் விதி எந்த அரசுக்கும் தனியுடைமை அன்று. தாளும் எழுதுகோலும் உள்ள எவரும் அதைக் கண்டுகொள்ளலாம். இதை நிறுவிக் காட்டியதே ஓர் அரசியல் செயல்.

அதில் பேசப்படும் பொருள்களுள் ஸ்ட்ரான்ஷியம் 90 ஒன்று. வெடிப்பில் பிறக்கும் இத்தனிமம் வானின் மேலடுக்குக்குப் போய், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மழையோடு இறங்கும். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் இயல்பே இதற்கும். ஆகவே மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும், பாலிலிருந்து வளரும் குழந்தையின் எலும்புக்கும் அது தடையின்றிச் செல்லும். அதன் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள். எங்கோ பசிபிக்கில் நடந்த சோதனைக்கு, போரில் எந்தப் பக்கமும் சேராத ஓர் ஊரின் தொட்டில் குழந்தையும் தன் எலும்பில் ஒரு துளி வரி கட்டுகிறது. மரபணுக்களில் நேரும் சேதமோ பிறவாத தலைமுறைகளின் கணக்கில் எழுதப்படுகிறது. கவிஞர்கள் உருவகம் தேடி அலையும் இடத்தில் இயற்பியலாளர் வெறும் உண்மையை வைத்துவிட்டார். எந்த உருவகமும் அதற்கு ஈடாகவில்லை.

அதே 1956-இல் தில்லியின் பாதுகாப்பு அறிவியல் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அணு ஆயுதங்களால் மனித உடலுக்கு நேரும் கேட்டை ஆராய்வது அதன் வேலை. பின்னாளில் அது அணுக்கரு மருத்துவ நிலையமாக வளர்ந்து, நோய் தீர்க்கவும் பயன்பட்டது.

1955 ஜூலையில் ரஸ்ஸலும் ஐன்ஸ்டீனும் பிறரும் விடுத்த அறிக்கையின் பேரில், உலக அறிவியலாளரின் முதல் மாநாட்டைத் தில்லியில் கூட்டவே முதலில் எண்ணியிருந்தனர். சூயஸ் நெருக்கடி குறுக்கிட்டது. 1957-இல் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரில் அது கூடிற்று. ஊரின் பெயரே இயக்கத்தின் பெயராயிற்று. இல்லாவிடில் அது தில்லி இயக்கம் என்றே வழங்கியிருக்கும். விட்டுப்போன அந்த விருந்து ஏழாண்டு கழித்து வந்தது. 1964 ஜனவரி இறுதியில் பக்வாஷ் இயக்கத்தின் பன்னிரண்டாம் மாநாடு இந்தியாவில் நடந்தது, கோத்தாரி பிறந்த உதயப்பூரிலேயே. அதற்கு முந்தைய ஆகஸ்டில் வானிலும் நீரிலும் விண்வெளியிலும் அணுச்சோதனையைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகி இருந்தது. இந்தியா தாமதமின்றி ஒப்பமிட்டது. 1954-இல் தனியொரு குரலாக ஒலித்த கோரிக்கையில் பாதி, ஒன்பது ஆண்டில் சட்டமாயிற்று. மண்ணுக்கடியில் வெடிப்பது மட்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த மீதிப் பாதிக்குள்தான் பின்னர் எல்லாம் நடந்தன. நம் மூதறிஞர் இராஜாஜி 1962-இல் தம் எண்பத்து மூன்றாம் வயதில், கடல் கடந்து, கென்னடியைக் கண்டு அணுச்சோதனைக்கு எதிராக வாதாடியதும் இந்தத் தொடரில் வைத்தே எண்ணத்தக்கது.

1961-இல் கோத்தாரி பாதுகாப்புப் பணியை விட்டார். பின்னர் நிகழ்ந்ததெல்லாம் கல்வி. மானியக் குழுவோடு அறிவியல் கலைச்சொல் ஆணையத்துக்கும் முதல் தலைவரானார். அந்த ஆணையம் வடசொல் வேர்களையே பெரிதும் நாடியதில் நமக்கு உடன்பாடில்லை. கதிரியக்கம், அணுக்கரு, அரைவாழ்வு என்று தமிழ் தன் வழியில் சொல்லாக்கியது; அது நன்றே ஆயிற்று. 1964 முதல் 1966 வரை நடந்த கல்விக் குழுவின் பணியை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்து, இரண்டு, மூன்று என்ற அடுக்குமுறை 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியாக வந்தது. தேச வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்கு என்பது எழுத்தளவிலேயே நின்றது. மும்மொழித் திட்டத்தை 1968-இல் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. எல்லைப் போராட்டம் கண்டு, 1960-இல் தமிழகத்தோடு இணைந்த நம் ஊர்க்காரர்களுக்கு மொழியென்பது ஏட்டுச் செய்தியன்று. அந்த மறுப்பில் நானும் சேர்ந்தவனே. ஆயினும் உயர்கல்வி வரை தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்று அக்குழு சொன்னதை நாமே வசதியாக மறந்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1974-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு முகம் கொண்டது. மே 18 அன்று பொக்ரானில், அவர் பிறந்த ராஜஸ்தான் மாநிலத்திலேயே, மண்ணுக்கடியில் இந்தியாவின் முதல் அணு வெடிப்பு நடந்தது. அமைதி வெடிப்பு என்று அதற்குப் பெயரிட்டனர். பதினெட்டாண்டு முன்பு அந்நூலை அச்சிட்டதும் இதே அரசுதான். அதே ஆண்டு குடிமைப் பணித் தேர்வுமுறையை ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். 1976-இல் அறிக்கை தந்தார். அதன் பயனாக 1979 முதல், அதுவரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருந்த தேர்வை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலும் எழுதலாம் என்றாயிற்று. தமிழில் எழுதி ஆட்சிப்பணிக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் அந்த உதயப்பூர்க்காரர் வாசலைத் திறந்துவைத்தவர். வடநாட்டார் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும் மேடைகளில் இதையும் சொல்லலாம்.

முதுமையில் அவர் மனம் மீண்டும் அணுவுக்கே திரும்பியது. இம்முறை அது தத்துவமாயிற்று. அணுவும் ஆன்மாவும் என்ற பொருளில் சொற்பொழிவாற்றினார். டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போரின் நூற்றாண்டு நினைவுத் தொகுதிக்காக, போரின் நிரப்புக் கொள்கையையும் சமணரின் சியாத்வாதத்தையும் ஒப்புநோக்கிக் கட்டுரை எழுதினார். எலெக்ட்ரான் ஒரு வகையில் துகள், ஒரு வகையில் அலை. இரண்டையும் ஒருங்கே காண இயலாது, ஒன்றை விட்டால் உண்மை முழுமை பெறாது என்பது போரின் முடிவு. உண்டாம், இல்லையாம், உண்டும் இல்லையுமாம் என ஏழு வகையாக ஒரு பொருளை நோக்குவது சமணரின் முறை. நீலகேசி படித்த தமிழருக்கு இது புதிதன்று. படைத்துறை ஆலோசகர் நாற்காலியையும் அணுச்சாம்பல் கணக்கையும் ஒருவரே சுமந்ததற்கு அந்த மரபில் ஒரு விளக்கம் கிடைக்கக்கூடும்; தர்க்கத்தில் கிடைப்பது கடினம்.

1962-இல் பத்மபூஷணும் 1973-இல் பத்மவிபூஷணும் பெற்ற கோத்தாரி, 1993 பிப்ரவரி 4 அன்று ஜெய்ப்பூரில் காலமானார். வயது எண்பத்தாறு. இரண்டு ஆண்டு கழித்து, 1995-இல், அமைதிக்கான நோபல் பரிசை ரோட்பிளாட்டும் பக்வாஷ் இயக்கமும் பகிர்ந்துகொண்டனர். 1998 மே மாதம் பொக்ரானின் மணல் மறுபடியும் எழும்பியது.